மதகு வளைவில் யார் பிழை? சம்மாந்துறை வயலில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டம்

கடந்த செப்டெம்பரில் ஒரு சனி, ஞாயிறு கல்முனைப் பக்கம் போய் வந்தேன். இந்த முறை கடல் பார்க்கப் போகவில்லை. ஒன்பது விநாடி நீளமான ஒரு காணொளிதான் என்னைக் கிளப்பியது.

ஏப்ரலில் மலைநாட்டில் நடந்த மோட்டோகுரொஸ் போட்டியொன்றில் யாரோ எடுத்தது. கடைசிச் சுற்று. முன்னால் போகிறவர் குருநாகலைச் சேர்ந்த ருவன். பின்னால் வருகிறவர் கல்முனை இப்ஹாம். வளைவில் இப்ஹாம் உள்பக்கமாகப் பாய்கிறார், இரண்டு வண்டிகளும் இடிபடுகின்றன, ருவன் தூக்கியெறியப்படுகிறார். இப்ஹாம் வென்றார். ருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நடுவர்கள் அதை ஓட்டத்தில் நேர்ந்த விபத்து என்று விட்டுவிட்டார்கள். காணொளியின் கீழே நூற்றுக்கணக்கானோர் சண்டை பிடித்தார்கள். "கெட்டிக்காரன்" என்று பாதிப் பேர், "ரவுடி" என்று மீதிப் பேர். நான் எத்தனையோ தரம் பார்த்தும் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியவில்லை. ஒருவரை முந்துவதற்கும் மோதித் தள்ளுவதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? அதை யார் கீறுகிறார்கள்?

அப்போதுதான் சுமதி தொலைபேசியில் பேசினாள். என்னோடு திருகோணமலையில் படித்தவள், இப்போது கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் இருக்கிறாள். அவளுடைய கணவர் ஜெயந்தன் அரச அலுவலகமொன்றில் வேலை செய்கிறார். வார இறுதிகளில் இப்படியான போட்டிகளில் வளைவில் நின்று ஆபத்துக்குக் கொடி பிடித்து, கண்டதை எழுதிக் கொடுக்கும் அதிகாரி. இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி சம்மாந்துறைக்கு மேற்கே அறுவடை முடிந்த வயலில் நடக்கப்போகிறது, அந்த இருவரும் வருகிறார்கள் என்று சொன்னாள். இப்ஹாம் மூன்று புள்ளி முன்னால் நிற்கிறாராம். இதில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே பட்டம்.

சனிக்கிழமை காலை 5.40க்கு என் ஸ்கூட்டரில் திருகோணமலையில் இருந்து வெளிக்கிட்டேன். கிண்ணியா, மூதூர், வாகரை, மட்டக்களப்பு என்று கரையோரப் பாதை. வாகரையில் பிட்டும் மீன் குழம்பும் 350 ரூபா. பாண்டிருப்பில் நிறுத்தும்போது 11.50. மீற்றரில் 171 கிலோமீற்றர், பெற்றோலுக்கு 1,240 ரூபா. பாதை நல்லது. களுவாஞ்சிகுடியைத் தாண்டினால் மாடுகளைப் பார்த்து ஓட்டுங்கள்.

"என்னகா, ஒரு ரேஸ் பாக்க இவ்வளவு தூரம் வந்திருக்காய்" என்றாள் சுமதி. சோற்றைப் போட்டுக்கொண்டே கணவரைக் காட்டினாள். "இவர் ஒருத்தர் போதும் எண்டு இருந்தன். இப்ப நீயும்."

இப்ஹாமைச் சந்திக்கலாமா என்று ஜெயந்தனிடம் கேட்டேன். வழி சொன்னார், கூட வரமாட்டேன் என்றார்.

"நாளைக்கு நான் கொடி பிடிக்கிறவன். இண்டைக்கு அங்க போய் இருந்து பிளேன்டீ குடிச்சா சரிவராது. நீங்க போங்க, உங்களுக்கு ஒண்டும் இல்ல."

காலையெல்லாம் ஓட்டி முதுகு வலித்ததால் ஆட்டோ பிடித்தேன். கல்முனைச் சந்தையைத் தாண்டிப் போக 400 ரூபா. யாரிடம் போகிறேன் என்று சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வீடியோ பாத்தயா மிஸ்? அது கிளீன். இடம் இருந்திச்சி, பூந்தான்."

"விழுந்தவருக்குத் தோள் முறிஞ்சதே?"

"அதுக்கு என்ன செய்யிற. ரேஸ்தானே" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்கட பொடியன் விழுந்திருந்தா வேற மாதிரித்தான் கதைச்சிருப்பம்" என்று தானாகவே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இப்ஹாமுக்கு இருபத்தேழு வயது. காணொளியில் பூதம் மாதிரித் தெரிந்தவர், நேரில் என் தோளளவு உயரம். கொழும்புக் குழுவொன்று அவருக்கு வண்டியும் சம்பளமும் கொடுக்கிறது. ஆனால் வண்டியைப் பிரித்துப் பூட்டுவது அவர் ராத்தா என்று கூப்பிடும் அக்காவின் கணவர் ரமீஸ். ரமீஸின் கராஜில்தான் பேசினோம். முன்சில்லைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன். இப்ஹாம் கோபப்படவில்லை. தரையில் கிடந்த இரண்டு நட்டுகளை எடுத்து வைத்தார்.

"இது ருவன். இது நான். அவர் வெளிப்பக்கத்தால வாறார், வேகம் கூட. நான் உள்பக்கத்தால பூந்து அவருக்கு முன்னுக்குக் கிறுகித் திரும்புறன். அவர் என்னக் கண்டா பிறேக் பிடிப்பார். பிடிச்சா நான் முன்னுக்கு. அதுதான் அக்கா ஓட்டம். கண்டும் பிறேக் பிடிக்காம விட்டா அவர்ட விருப்பம்."

"காணாவிட்டால்?"

"காணாட்டி அது ஓட்டமில்ல. அது அடி."

"அன்றைக்கு அவர் கண்டாரா?"

"கண்டார்" என்றார், யோசிக்காமலே. "காணாம எப்பிடி? நான் அவ்வளவு கிட்ட."

ரமீஸ் தலையை ஆட்டினார். எனக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. விதி இவ்வளவு எளிதா என்று நினைத்துக்கொண்டு பாண்டிருப்புக்குத் திரும்பினேன்.

ஞாயிறு, போட்டி. பாண்டிருப்பில் இருந்து வயலுக்கு 14 கிலோமீற்றர். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறையூடாக நாவிதன்வெளிப் பக்கம் போக வேண்டும். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களை முந்த முடியாமல் எனக்கு 40 நிமிடம் எடுத்தது. நுழைவுச் சீட்டு 500 ரூபா. சிறுபோகம் வெட்டி முடிந்த வயல். வரம்புகளை மட்டமாக்கி, மண்ணைக் குவித்து மேடுகள் செய்திருந்தார்கள். ஒரு சுற்று 1.3 கிலோமீற்றர். ஓரிடத்தில் பாதை பழைய வாய்க்கால் மதகை ஒட்டிக் கூர்மையாகத் திரும்புகிறது. அதை மதகு வளைவு என்றார்கள். ஜெயந்தன் செம்மஞ்சள் மேலங்கியோடு அங்கே நின்றார். நான் அவருக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, வெட்டாமல் விட்டிருந்த வரம்பில் ஏறிக்கொண்டேன்.

முதல் ஓட்டங்கள் காலையிலேயே முடிந்துவிட்டன. மூன்றரை மணிவாக்கில் அசர் தொழுகைக்காக இடைவேளை. பெரிய ஓட்டம் 4.15க்கு. பதினான்கு பேர், பன்னிரண்டு சுற்று.

தொலைபேசியில் பார்க்கும்போது தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இவர்கள் எல்லாருமே ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரையொருவர் உரசுகிறார்கள். முழங்கை படுகிறது, பின்சில்லில் முன்சில்லு தட்டுகிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்காம் சுற்றில் எனக்கு முன்னால் இருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனபோது நான் பதறி ஜெயந்தனைப் பார்த்தேன். அவர் கொடியை அசைக்கவே இல்லை.

எட்டாம் சுற்றில் இருந்து இப்ஹாம் முதலாவது, ருவன் இரண்டாவது. புழுதியடக்கத் தண்ணீர் தெளிக்கும் பவுசர் மதகுப் பக்கத்துக்குக் கடைசியாக வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது, கீழே நின்ற ஜெயந்தனைச் சுற்றிப் புழுதி எழும்பியது. பதினோராம் சுற்றில் நான் காணொளி எடுக்கத் தொடங்கினேன்.

கடைசிச் சுற்று. இப்ஹாம் வெளிப்பக்கமாக வந்தார். ருவன் உள்பக்கமாகப் பாய்ந்தார். சத்தம் முதலில் கேட்டது, இரும்பில் இரும்பு படும் சத்தம். இப்ஹாமின் வண்டி நிமிர்ந்து, அவரை வைக்கோல் கட்டுகளின் மேல் எறிந்தது. ருவன் ஒரு காலை ஊன்றித் தடுமாறி நிமிர்ந்து போய்விட்டார். ஜெயந்தன் மஞ்சள் கொடியைச் சுழற்றினார். சனம் கயிற்றைத் தள்ளியது. இப்ஹாம் எழுந்தார், வலது கையாலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி, இடது மணிக்கட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓட்டிப் போனார். ஒன்பதாவதாக முடித்தார். ருவன் முதலாவது. பட்டமும் அவருக்கே.

என்னைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பழிவாங்கிவிட்டான் என்பதுதான் எல்லாருடைய முடிவும். ஐந்து மாதத்துக்கு முன் நடந்ததன் அதே படம், பெயர்கள் மட்டும் இடம் மாறி. ஒரு பெரியவர் ஜெயந்தனிடம் வந்தார்.

"நீங்க கிட்ட நிண்டயே. தள்ளினத்த எழுதுவயா?"

"விழுந்தத்தப் பாத்தன். தள்ளினத்தப் பாக்கல்ல. புழுதி."

"எங்க எல்லாருக்கும் தெரிஞ்சிச்சே."

"ஓம். எனக்குத் தெரியல்ல."

அத்தனை பேரிலும் வளைவுக்கு மிகக் கிட்ட நின்றவர் அவர்தான். தெரியாது என்று சொன்னவரும் அவர் மட்டும்தான். அதையே அறிக்கையிலும் எழுதினார்.

முறைப்பாடு செய்ய ஓட்டம் முடிந்து முப்பது நிமிடம் கொடுக்கிறார்கள். நான் ஒரு வேப்ப மர நிழலுக்குப் போய் என் காணொளியைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் உயரத்தில், காற்று வரும் பக்கம் நின்றதால் புழுதி என் படத்தை மறைக்கவில்லை. முதல் தரம் பார்க்கும்போது எனக்கும் அது தள்ளல்தான். மூன்றாம் தரம் மெதுவாக ஓடவிட்டேன். இடிபடுவதற்குச் சற்று முன்பு, இப்ஹாமின் வெள்ளைத் தலைக்கவசம் உள்பக்கம் திரும்புகிறது. ஒரு கணம் ருவனை நேராகப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்புகிறது. வேகம் குறையவில்லை.

அதை நான் கவனித்த அதே நேரம் ரமீஸ் மூச்சிரைக்க வந்து நின்றார். "மிஸ், நீங்க வீடியோ எடுத்தயாம். ஒருக்காக் காட்டுங்க. நேரம் இல்ல."

சார்ஜ் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எனக்கு இப்ஹாமைப் பிடித்திருந்தது, அவர் தோற்றதில் வருத்தமும் இருந்தது. இந்தப் படத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்தது தெரிந்துகொள்ளத்தானே. தலைக்கவசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியைக் கொடுத்தேன்.

நானும் கூடப் போனேன். அவர்களுடைய கூடாரத்தில் இப்ஹாம் ஒரு கதிரையில் இருந்தார். மணிக்கட்டில் பனிக்கட்டி கட்டியிருந்தது. "நான் அவரக் காணவே இல்ல" என்று குழுவின் மேலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளர் முறைப்பாட்டுத் தாளை எழுதி முடித்துவிட்டார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ரமீஸ் காணொளியை ஓடவிட்டார்.

"பாருங்க, தள்ளுறான். சத்தத்தக் கேளுங்க" என்றார். மேலாளர் சந்தோசப்பட்டார். இது போதும் என்றார்.

இப்ஹாம் இரண்டாம் தரம் ஓடவிடச் சொன்னார். மூன்றாம் தரம் ரமீஸின் விரலைப் பிடித்தார்.

"மச்சான், பின்னுக்கு எடுங்க. கொஞ்சம். அதுல வையுங்க."

ரமீஸ் நிறுத்தினார். திரையில் வெள்ளைத் தலைக்கவசம் ருவனைப் பார்த்தபடி நின்றது.

"என்ட தல" என்றார் இப்ஹாம். "நான் கண்டிரிக்கன்."

"கண்டா என்ன, அவன் அடிச்சானே."

"கண்டுட்டு அவர்ட வழிய மூடியிரிக்கன். பிறேக் பிடிக்கல்ல." அவர் குரலில் வியப்புத்தான் இருந்தது. "எனக்கு ஞாபகமே இல்ல மச்சான். காணல்ல எண்டு சத்தியம் பண்ணியிருப்பன்."

பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, பழைய வீடியோ உங்களிட்ட இரிக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மேலாளர் மணிக்கூட்டைக் காட்டினார், பதினொரு நிமிடம் மிச்சம். இப்ஹாம் வலது கைப் பெருவிரலால் தானே அதை நகர்த்தினார். ஏப்ரல் மாதத்து வளைவு. ருவனின் சிவப்புத் தலைக்கவசம். முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தினார். சிவப்புத் தலைக்கவசம் ஓரிடத்திலும் திரும்பவில்லை. இடி விழும்வரைக்கும் அது நேரே பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நானும் அந்தக் காணொளியை எத்தனை தரம் பார்த்திருப்பேன். எல்லாத் தரமும் சில்லுகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இவர் என்னக் காணல்ல" என்றார் இப்ஹாம். மேலாளர் பொறுமையிழந்தார். பழையது பழையது, அது தீர்ந்துவிட்டது, இன்றைக்கு நடந்ததற்குக் கையெழுத்துப் போடு, அடுத்த வருசம் வண்டி வேண்டாமா என்று கேட்டார்.

"வேணும்" என்றார் இப்ஹாம். "ஆனா இதுல காணல்ல எண்டு எழுதியிரிக்கி. நான் கண்டன்."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே நின்ற சனத்துக்கு ரமீஸ் போய்ச் சொன்னார். சிலர் திட்டினார்கள். பெரும்பாலானோர் நம்பாமல் நின்றார்கள்.

முப்பது நிமிடம் முடிந்த பிறகு தலைமை நடுவரிடம் பேசினேன். கண்டிப் பக்கத்துக்காரர், முன்பு தானும் ஓட்டியவர். முறைப்பாடு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. இடி பலமானது, சத்தமும் இருக்கிறது, முடிவுப் பட்டியலில் ருவனை இப்ஹாமுக்குப் பின்னால் தள்ளியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். தலைக்கவசத்தைக் கவனித்திருப்பீர்களா என்றேன். "ஏப்ரலிலும் நான்தான் இருந்தேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெயில் சாய்ந்து, கூடாரங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். இப்ஹாம் ருவனுடைய லொறியை நோக்கி நடந்தார். நானும் ரமீஸும் கொஞ்சம் பின்னால் போனோம். ருவன் லொறியின் பின்பலகையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்ஹாமைக் கண்டதும் எழுந்தார், சண்டைக்கு வருகிறார் என்று நினைத்திருப்பார். இப்ஹாமின் சிங்களம் நல்லது. ஏப்ரலில் நீங்கள் என்னைக் காணவில்லை, இன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும் என்றார்.

ருவன் கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார்.

ருவன் சட்டையின் கழுத்தை விலக்கினார். இப்ஹாமின் வலது கையைப் பிடித்து, விரலைத் தன் தோள் எலும்பின் மேல் வைத்தார். தோலுக்கடியில், முறிவைப் பொருத்திய தகடு புடைத்துக்கொண்டு நின்றது. "இது மழைக்கு வலிக்கிறது" என்றார். இப்ஹாம் விரலை எடுக்கவில்லை. பிறகு ருவன், மணிக்கட்டை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றதும், போய் எடு, வீக்கம் நல்லதில்லை என்றார். மறுபடி இருந்து மற்றச் சப்பாத்தைக் கழற்றினார். கட்டிப்பிடித்தல், கைகுலுக்கல் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று இரவே படம் எடுத்தார்கள். சின்ன வெடிப்பு, ஆறு கிழமை மாவுக்கட்டு. அடுத்த ஆண்டு வண்டி கொடுப்பதா இல்லையா என்று குழு இதை எழுதும்வரை சொல்லவில்லை. திங்கள் காலை நானும் ஜெயந்தனும் மீன் வாங்கக் கல்முனைச் சந்தைக்குப் போனபோது, தள்ளியதை எழுதவில்லை என்ற கோபத்தில் இரண்டு பேர் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பாரை மீன் நல்லதாகக் கிடைத்தது.

கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனேன். இப்ஹாம் கராஜில் இரண்டு நட்டுகளை வைத்துச் சொன்னது சரியான விதி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். விதியை அவர் முதல் நாளே அறிந்திருந்தார். தன் ஓட்டத்தைத்தான் அவர் அறிந்திருக்கவில்லை. அந்த வேகத்தில் ஒருவர் என்ன கண்டார், என்ன காணவில்லை என்பது அவருக்கே தெரியாமல் போகலாம் என்றால், வெளியில் நிற்கிற நாம் இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறோம் என்பது எனக்குப் புதுக் கேள்வி.

போக நினைப்பவர்களுக்கு: இந்த வயல் போட்டிகள் அறுவடைக்குப் பிந்திய வறண்ட வாரங்களில்தான் நடக்கும், திகதி கடைசி நேரத்தில் மாறும், போகுமுன் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். கல்முனையில் தங்க இரண்டு விடுதிகளில் விசாரித்தேன், இருவருக்கான அறை 4,500 இலிருந்து. மதியச் சாப்பாட்டைச் சம்மாந்துறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மாட்டிறைச்சிப் புரியாணி 900 ரூபா, வயலில் கடலையும் குளிர்பானமும் மட்டும்தான். முகத்துக்குத் துணி, கண்ணாடி, இரண்டு போத்தல் தண்ணீர் கட்டாயம். முடிவுக் கோட்டில் நிற்காதீர்கள், அங்கே ஒன்றும் நடப்பதில்லை. வளைவில், காற்று வரும் பக்கம், கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள்.

என் காணொளியை இங்கே போடலாமா என்று இருவரிடமும் கேட்டேன். ருவன், போடுங்கள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். இப்ஹாம் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"போடுங்க அக்கா. பழசையும் சேத்துப் போடுங்க. இத மட்டும் பாத்தா சனம் என்னை நல்லவன் எண்டு சொல்லும்."

இரண்டும் கீழே இருக்கின்றன. பழையதை முதலில் பாருங்கள்.